லோடு வண்டிக்கு மைலேஜ் சரியான அளவுகோலா?

தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் மறைமலை நகர். அவ்வூரின் தேநீர்க் கடையிலும் டீசல் பங்க்கிலும் அடிக்கடி காதில் விழும் சொற்களுள் ஒன்று 'மைலேஜ்'. சாலையோரத்து மைல் கற்கள் கிலோமீட்டர் கற்களாகிப் பல காலம் ஆகிவிட்டது. ஆயினும் வண்டி ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை இன்றும் மைலேஜ் என்றே சொல்கிறோம். சொல்லைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. அச்சொல் குறிக்கும் எண்ணைப் பற்றியதே என் வழக்கு.

மறைமலை நகர் வண்டிகளோடு வளர்ந்த ஊர். இங்கிருந்த ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து 1999இல் 'ஐகான்' கார் வெளிவந்தது. 2022இல் அங்குக் கார் உற்பத்தி நின்றது. அருகிலுள்ள ஒரகடத்தில் வண்டிகளைச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆய்வு மையமும் ஓட்டத் தடங்களும் உள்ளன. ஆனால் நான் இங்கே பேசப் போவது காரைப் பற்றியன்று. தொழிற்பேட்டையின் வாயில்களில் காலை ஆறு மணிக்கே வரிசை கட்டி நிற்கும் பிக்கப் லோடு வண்டிகளைப் பற்றி.

என் மாணவர் ஒருவரின் தந்தை அத்தகைய வண்டி ஒன்றின் ஓட்டுநர். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை அவர் தம் மகனோடு கல்லூரிக்கு வந்தார். கையில் ஒரு நீளக் குறிப்பேடு. "மைலேஜ் குறைஞ்சுபோச்சுன்னு முதலாளி பேட்டாவில பிடிச்சிட்டார் சார். டீசலை நானா குடிச்சேன்?" என்றார். வண்டியை விற்றவர் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று சொல்லியிருக்கிறார். 14க்குக் கீழே போனால் பிடித்தம் என்பது முதலாளியின் விதி. முந்தைய மாதம் 14.7; இந்த மாதம் 13. குறிப்பேட்டின்படி குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

வாசகர்களே, இயற்பியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

டீசல் எங்கே போகிறது?

சீரான வேகத்தில் சமதளச் சாலையில் ஓடும் வண்டியை இரண்டு விசைகள் பின்னோக்கி இழுக்கின்றன. ஒன்று, டயர் உருளும்போது நசுங்கி மீள்வதால் உண்டாகும் உருளல் தடை. இது வண்டியின் மொத்த எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மற்றொன்று காற்றுத் தடை; இது எடையைப் பொருட்படுத்தாது, ஆனால் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் ஏறும்.

ஒரு மாதிரிக் கணக்குச் செய்வோம். காலி வண்டி ஓட்டுநருடன் 1,600 கிலோகிராம்; பாரம் 1,200 கிலோகிராம்; மொத்தம் 2,800. டயரின் உருளல் தடைக் குணகம் 0.012 என்று கொண்டால் தடை விசை ஏறத்தாழ 330 நியூட்டன். முகப்புப் பரப்பு 3 சதுர மீட்டர், காற்றுத் தடைக் குணகம் 0.5 என்று கொண்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை சுமார் 250 நியூட்டன். ஆக மொத்தம் 580 நியூட்டன். விசையைத் தொலைவால் பெருக்கினால் வேலை. 100 கிலோமீட்டருக்குச் செய்ய வேண்டிய வேலை 58 மெகாஜூல்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. அப்படியானால் இரண்டு லிட்டருக்கும் குறைவாகவே போதுமே என்று தோன்றும். போதாது. டீசலில் உள்ள ஆற்றலில் நான்கில் ஒரு பங்கே சக்கரத்தை அடைகிறது என்று கொள்வோம். மீதி புகைக்குழாயிலும் ரேடியேட்டரிலும் வெப்பமாக வெளியேறுகிறது. உறுப்புகளின் உராய்விலும் ஒரு பகுதி கழிகிறது. எனவே 58ஐ நான்கால் பெருக்கி 36ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 6.4 லிட்டர். அதாவது லிட்டருக்கு 15.5 கிலோமீட்டர். விற்பனையாளர் சொன்ன எண்ணுக்கு அருகில் வந்துவிட்டோம்!

ஆனால் இது எங்கும் நிற்காமல் ஓடும் வண்டியின் கணக்கு. மறைமலை நகரிலிருந்து காட்டாங்கொளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் வழியே தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு முறை போய் வந்தவர்களுக்கு, நிற்காமல் ஓடுவது எத்தகைய கற்பனை என்பது தெரியும். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பின் வெளியூர்ப் பேருந்துகளும் இந்தச் சாலையோரத்திலேயே திரும்பி ஏறுகின்றன.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் நம் 2,800 கிலோகிராம் வண்டியின் இயக்க ஆற்றல் 270 கிலோஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அத்தனையும் பிரேக்கின் சூடாகிப் போய்விடுகிறது. மீண்டும் அதே வேகத்தை எட்ட, நான்கில் ஒரு பங்கு என்ற நம் விகிதப்படி, 30 மில்லிலிட்டர் டீசல் எரிய வேண்டும். இருமல் மருந்துக் குப்பியின் சிறு மூடியால் மூன்று மூடி! 50 கிலோமீட்டர் பயணத்தில் 15 முறை நின்றால் ஏறத்தாழ அரை லிட்டர். 100 கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர். முன்னைய 6.4உடன் சேர்த்தால் 7.3. நெரிசலில் நின்றபடி ஓடும் இயந்திரத்தின் செலவையும் சேர்த்தால், ஓட்டுநரின் குறிப்பேடு காட்டிய 7.7 லிட்டர், அதாவது லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்பது, இயற்கையான விடை என்பது விளங்கும்.

அப்படியானால் முந்தைய மாதம் 14.7 எப்படி வந்தது? அதே வண்டி, அதே சாலை, அதே ஓட்டுநர் அன்றோ?

காலியாக ஓடினால் பரிசு!

குறிப்பேட்டில் தேதி, கிலோமீட்டர், டீசல் என்ற மூன்று பத்திகளே இருந்தன. பாரத்துக்குப் பத்தி இல்லை. விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. முந்தைய மாதம் வண்டி சரக்கோடு அம்பத்தூர் பக்கம் போய், காலியாகத் திரும்பியது. இந்த மாதம் முதலாளிக்குத் திரும்புகாலில் ஏற்றிவர ரிட்டர்ன் லோடு கிடைத்திருக்கிறது.

எளிமைக்காகப் போக 50, வர 50 கிலோமீட்டர் என்றும், மாதத்துக்கு 25 நடை என்றும் கொள்வோம். பாரத்தோடு லிட்டருக்கு 13, காலியாக 17 கிலோமீட்டர்.

முதல் மாதம்: போகும்போது 3.85 லிட்டர், வரும்போது 2.94 லிட்டர், ஒரு நடைக்கு 6.79. மாதத்துக்கு ஏறத்தாழ 170 லிட்டர். மைலேஜ் 14.7.

இரண்டாம் மாதம்: இரு வழியும் 3.85. மாதத்துக்கு 192 லிட்டர். மைலேஜ் 13.

செலவு 22 லிட்டர் கூடியது உண்மை. ஆனால் அந்த 22 லிட்டரில் நடந்த வேலை என்ன? 25 நடையில் 30 டன் சரக்கு கூடுதலாக 50 கிலோமீட்டர் வந்து சேர்ந்திருக்கிறது. இதே சரக்கை வேறொரு வண்டி கொண்டுவந்திருந்தால், அது வந்த வழிக்கு மட்டுமே 96 லிட்டர் செலவாகியிருக்கும். முதலாளிக்கு வாடகை வந்தது. நாட்டுக்கு எழுபது லிட்டருக்கு மேல் டீசல் மிச்சமாயிற்று. ஓட்டுநருக்கோ பேட்டாவில் பிடித்தம்!

குறை ஓட்டுநரிடமும் இல்லை, வண்டியிடமும் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. காருக்குக் கிலோமீட்டர் போதும். ஏனெனில் கார் செய்ய வேண்டிய வேலை ஆளைக் கொண்டு சேர்ப்பது. லோடு வண்டியின் வேலை சரக்கைக் கொண்டு சேர்ப்பது. அதை 'டன் கிலோமீட்டர்' என்ற அலகால் அளக்க வேண்டும். ஒரு டன் சரக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் ஒரு டன் கிலோமீட்டர். இந்த அளவுகோலால் பார்த்தால், முதல் மாதம் லிட்டருக்கு 8.8 டன் கிலோமீட்டர். இரண்டாம் மாதம் 15.6. மைலேஜ் குறைந்த மாதத்தில்தான் வண்டி ஏறக்குறைய இரு மடங்கு சிக்கனமாக ஓடியிருக்கிறது!

வண்டி வாங்கும்போதும் இதே தவறு நேர்கிறது. 2005இல் டாட்டா நிறுவனத்தின் 'ஏஸ்' வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டினர். 2011இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. இவற்றுக்குப் பின் முக்கால் டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை பல அளவுகளில் வண்டிகள் கிடைக்கின்றன. முக்கால் டன் ஏற்றி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒன்று, 1.2 டன் ஏற்றி 13 கிலோமீட்டர் ஓடும் வண்டி மற்றொன்று என்று கொள்வோம். மைலேஜில் முதல் வண்டி வெல்கிறது. டன் கிலோமீட்டரில் முதல் வண்டிக்கு 13.5, இரண்டாவதற்கு 15.6. ஆனால் உங்களுக்கு நாள்தோறும் அரை டன் சரக்குதான் உண்டு என்றால் பெரிய வண்டி வீண். ஆகவே எந்த வண்டி சிக்கனமானது என்ற கேள்விக்கு, என்ன சரக்கு, எவ்வளவு சரக்கு என்று கேட்காமல் விடை சொல்ல இயலாது.

சராசரியில் ஒரு பிழை

மைலேஜ் என்னும் எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. 60 கிலோமீட்டர் போகும்போது லிட்டருக்கு 15, திரும்பும்போது 10 என்றால் சராசரி என்ன? வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் 12.5 என்பர். போக 4 லிட்டர், வர 6 லிட்டர். 120 கிலோமீட்டருக்கு 10 லிட்டர். சரியான விடை 12. சராசரி வேகக் கணக்கில் நீங்கள் படித்த அதே பொறிதான் இது. லிட்டர் என்பது வகுத்தியில் இருப்பதால் மைலேஜ்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரிக், சோல் என்னும் இரு ஆய்வாளர்கள் 2008இல் 'சயன்ஸ்' இதழில் இத்தகைய மயக்கத்தைப் பற்றி எழுதினர். 8இலிருந்து 10 ஆக உயர்வதும் 16இலிருந்து 20 ஆக உயர்வதும், இரண்டுமே 25 விழுக்காட்டு உயர்வு. ஆனால் 100 கிலோமீட்டருக்கு முதலாவதில் மிச்சம் 2.5 லிட்டர், இரண்டாவதில் 1.25 லிட்டரே. 'நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்' என்று தலைகீழாக எழுதினால் இந்த மயக்கம் மறைந்துவிடும். ஐரோப்பிய நாடுகளில் அப்படித்தான் எழுதுகின்றனர்.

அச்சிட்ட எண்ணும் அறிவுரைகளும்

விளம்பரத்தில் சான்று பெற்றதாக அச்சிடும் மைலேஜ் பொய்யா? பொய்யன்று. நம் நாட்டின் சோதனைச் சுழற்சியில் வண்டியின் சக்கரங்களை ஆய்வகத்து உருளையின்மேல் நிறுத்தி, 1,180 விநாடி நேரம், வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டுகின்றனர். உச்ச வேகம் 90 கி.மீ. எல்லா வண்டிகளுக்கும் ஒரே தேர்வுத்தாள் என்பதால், ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட அந்த எண் பயன்படும். ஆனால் பெருங்களத்தூர் நெரிசலையும், உங்கள் வண்டியில் இன்று ஏற்றிய இரும்புத் தகட்டின் எடையையும் அந்தத் தேர்வுத்தாள் அறியாது. அந்த எண்ணை ஓட்டுநர் எட்ட வேண்டிய இலக்காக ஆக்குவதுதான் தவறு.

எரிபொருள் சிக்கனத்தைப் பரப்ப 1978இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள், டயர் காற்றைப் பாருங்கள், சிக்னலில் இயந்திரத்தை நிறுத்துங்கள் என்னும் அறிவுரைகள் நமக்குப் பழகியவை. அவை சரியானவையே. ஆனால் இத்தகைய பட்டியல்களில் எது பெரிது, எது சிறிது என்ற தரவரிசை இருப்பதில்லை. நம் மாதிரிக் கணக்கால் அந்தக் குறையை ஓரளவு நிரப்பலாம்.

புறவழிச் சாலையில் 20 கிலோமீட்டரை 60க்குப் பதில் 80 கி.மீ. வேகத்தில் கடந்தால் மிச்சமாவது ஐந்து நிமிடம். காற்றுத் தடை 250இலிருந்து 444 நியூட்டனாக ஏறுவதால் கூடுதலாக எரிவது ஏறத்தாழ 400 மில்லிலிட்டர். டயரில் காற்றுக் குறைந்து உருளல் தடை பத்து விழுக்காடு கூடினால், 60 கி.மீ. வேகத்தில் மொத்தத் தடை ஆறு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். பாரம் ஏற்றி மெதுவாகப் போகும்போது இந்தப் பங்கு இன்னும் அதிகம். முன்னே சிவப்பு விளக்கைக் கண்டதும் கால் எடுத்து, முழுதும் நிற்காமல் ஊர்ந்து சேர்ந்தால், தவிர்த்த ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 30 மில்லிலிட்டர் வரை மிச்சம்.

இறக்கத்தில் நியூட்ரலில் தள்ளினால் டீசல் மிச்சம் என்று நம்புவோர் பலர். இக்கால மின்னணுக் கட்டுப்பாட்டு இயந்திரங்களில் இது தலைகீழ். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இயந்திரத்தைச் சுழற்றும். டீசல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலில் இயந்திரம் தானே ஓட வேண்டியிருப்பதால் டீசல் செலவாகும். இயந்திரத்தின் தடுப்பாற்றலும் போய்விடும். பாரம் ஏற்றிய வண்டிக்கு இது ஆபத்து.

அதிகாலையில் டீசல் அடர்த்தியாக இருக்கும், அப்போது போட்டால் லாபம் என்பது இன்னொரு நம்பிக்கை. டீசலின் கன அளவு ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விரிகிறது. பங்க்கின் தொட்டி நிலத்துக்கு அடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் அதன் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. டீசல் குழாயில் காந்தம் கட்டச் சொல்வோரையும் நம்ப வேண்டுவதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கு மேற்பட்ட 'எரிபொருள் மிச்சப்படுத்தும்' கருவிகளை ஆராய்ந்தும், குறிப்பிடத்தக்க பயன் தரும் ஒன்றைக் காணவில்லை.

குறிப்பேடு எப்படி இருக்க வேண்டும்?

அளப்பதிலும் கவனம் வேண்டும். டேங்க்கை நிரப்பி, ஓடி, மீண்டும் நிரப்பிப் பார்ப்பது எளிய முறை. ஆனால் 'ஃபுல்' என்பது ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. அரை லிட்டர் பிழை நேர்ந்தால், 10 லிட்டர் நிரப்பிய கணக்கில் அது ஐந்து விழுக்காட்டுப் பிழை; பல நிரப்பல்களைச் சேர்த்து 100 லிட்டருக்குக் கணக்கிட்டால் அரை விழுக்காடே. ஆகவே ஒரு நாள் மைலேஜைக் கொண்டு யாரையும் புகழவோ பழிக்கவோ கூடாது. மாதக் கணக்கே கணக்கு.

தேதி, கிலோமீட்டர், டீசல் ஆகிய மூன்று பத்திகளோடு, போகும்போது பாரம், வரும்போது பாரம், புறப்பட்ட நேரம், டயர் காற்று என்று நான்கு பத்திகள் சேருங்கள். பாரத்தை எடை மேடைச் சீட்டிலிருந்தோ சரக்குச் சீட்டிலிருந்தோ எடுக்கலாம். இந்த நான்கில் ஓட்டுநரின் கையில் இருப்பது எது என்று எண்ணிப் பாருங்கள். பாரத்தையும் ரிட்டர்ன் லோடையும் முடிவு செய்பவர் முதலாளி. புதிய டயருக்குப் பணம் தருபவரும் அவரே. காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டியை எட்டரை வரை வாயிலில் நிறுத்திவைத்து நெரிசலில் அனுப்புவது சரக்குக்கு உரியவர். ஓட்டுநரின் காலுக்கு எட்டும் சிக்கனம் உண்டு. அது முழுவதும் அன்று.

புதிய அளவுகோலுக்கும் குறை இல்லாமல் இல்லை. டன் கிலோமீட்டரை மட்டுமே துரத்தினால், அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றத் தோன்றும். பாரம் கூடினால் இயக்க ஆற்றலும் கூடும். அதைத் தணிக்க வேண்டிய பிரேக்கோ அதே பிரேக். அளவு மீறிய பாரத்தில் மிச்சமாகும் டீசலுக்கு உயிர் விலையாகக் கூடாது. பஞ்சு மெத்தை, காலி கேன் போன்றவை இடத்தை அடைக்கும், எடை தராது. அவற்றை ஏற்றும் வண்டிக்கு இந்த எண் குறைவாகவே வரும். அதற்காகவும் ஓட்டுநரைப் பழிக்கலாகாது. எந்த ஒற்றை எண்ணும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. ஆனால் கேள்விக்குப் பொருந்தாத எண்ணைவிடப் பொருந்தும் எண் மேலானது.

மேற்கண்ட கணக்கை ஒரு தாளில் எழுதி, அந்த ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினோம். பிடித்த பணம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஆனால் மறுமாதம் குறிப்பேட்டில் பாரத்துக்கு இரண்டு பத்திகள் கோடு போட்டு வந்தன; 14 என்ற விதி காலி வண்டிக்கு வேறு, பாரத்துக்கு வேறு என்று மாறியது. அதன் பிறகு பிடித்தம் இல்லை என்று மாணவர் சொன்னார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு லோடு வண்டி இருக்கலாம். இந்த மாதம் அதற்கு ஒரு குறிப்பேடு போட்டுப் பாருங்கள். விசை, வேலை, ஆற்றல் என்று பாடநூலில் படித்தவை ஒவ்வொரு வரியிலும் வந்து நிற்கும். ஒருவரின் உழைப்பை அளக்க எண்ணைக் கையில் எடுக்கும்முன், அந்த எண் அவர் செய்யும் வேலையைத்தான் அளக்கிறதா என்று ஒரு முறை கேளுங்கள்.